வல்லாரை – அறிந்ததும் அறியாததும்



சென்ற ஒன்றுகூடலில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, இரண்டு பேர் தனித்தனியே வந்து என்னிடம் ஒரே கீரையைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவரின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். பரீட்சைக் காலத்தில் ஞாபகசக்திக்கு வல்லாரைக் கப்சியூல் கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி. மற்றவரின் தாயாருக்குக் கொஞ்ச நாட்களாக மறதி கூடிக்கொண்டு போகிறதாம். கிழமைக்கு எத்தனை கட்டு வல்லாரை கொடுத்தால் சரிவரும் என்று கேட்டார். கையில் தட்டுடன் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதால் இந்த இதழின் உடல்நலப் பகுதியில் வல்லாரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நான் வைத்தியர் அல்ல. ஊரில் பல வருடங்கள் தாவரவியல் படிப்பித்தவள். ஆகவே செடியில் இருந்து தொடங்குகிறேன். மறதி பற்றிய பதில் இடையில் வரும். அந்தப் பகுதியைத் தயவுசெய்து தவறவிட வேண்டாம்.

எது வல்லாரை?

வல்லாரை நிலத்தோடு படர்ந்து வளரும் பல்லாண்டுச் செடி. அதன் தாவரவியற் பெயர் சென்டெல்லா ஆசியாட்டிக்கா. 1753இல் லின்னேயஸ் இதற்கு ஹைட்ரோகொட்டைல் ஆசியாட்டிக்கா என்று பெயர் வைத்தார். 1879இல் ஏர்பன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அதைச் சென்டெல்லா என்ற சாதிக்கு மாற்றினார். பழைய புத்தகங்களில் முதற் பெயரைக் கண்டால் வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கரட், செலரி எல்லாம் வல்லாரையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. செலரி அல்லது கரட் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டு, முதலில் சிறிதளவு மட்டும் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஊரில் கிணற்றடியில், வாய்க்கால் ஓரத்தில், வயல் வரம்பில் இது தானாகவே வளரும். தாய்ச் செடியில் இருந்து மெல்லிய ஓடுதண்டுகள் நிலத்தில் படர்ந்து போகும். தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, அங்கே ஒரு புதுச் செடியாகும். கணுவில் இருந்து நீண்ட காம்புகளுடன் இலைகள் கொத்தாக எழும்பும். இலை சிறுநீரக வடிவம், ஓரம் வட்ட வட்டமான பற்கள் போல இருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். இந்தப் பிளவைக் கவனியுங்கள், பிறகு தேவைப்படும். பூ மிகச் சிறியது, வெளிறிய இளஞ்சிவப்பு. இலைகளுக்குக் கீழே நிலத்தோடு ஒட்டி ஒளிந்திருப்பதால் வல்லாரைக்குப் பூ இருப்பதே பலருக்குத் தெரியாது.

சிங்களத்தில் இதனைக் கொட்டுகொல என்பார்கள். கொட்டு என்பது கூம்பு போல மடித்த தொன்னை, கொல என்றால் இலை. மலேசியாவில் பெகாகா, தாய்லாந்தில் பைபுவாபொக், வியட்நாமில் ராவ் மா. இந்தக் கடைசிப் பெயர் இங்கே பயன்படும். தமிழ்க் கடையில் வல்லாரை முடிந்துவிட்டால் வியட்நாமியக் கடைகளில் தேடிப் பாருங்கள், பல இடங்களில் இருக்கும். அங்கே தகரப் பேணியில் விற்கும் பச்சைப் பானமும் இதில் செய்ததுதான். ஆனால் பேணியின் பின்பக்கத்தில் சீனியின் அளவை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீரிழிவுக்காரருக்கு அது மருந்து அல்ல.

பிரம்மி என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. வட இந்தியாவில் பிரம்மி என்று கேட்டால் பல இடங்களில் வல்லாரையைத் தருவார்கள். நம் மருத்துவத்தில் நீர்ப்பிரம்மி என்பது வேறு செடி. அதன் இலை சிறியது, தடித்தது, வட்டமாக இராது. ஆயுர்வேத நூல்களில் வல்லாரை மண்டூகபர்ணி என்ற பெயரில் வரும். மண்டூகம் என்றால் தவளை. ஆகவே போத்தலில் பிரம்மி என்று எழுதியிருந்தால் உள்ளே எது இருக்கிறது என்பதை அதன் தாவரவியற் பெயரைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கோலா என்ற சொல்லைக் கண்டு, கோலாக் கொட்டையைப் போலக் கஃபீன் உள்ளது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வல்லாரையில் கஃபீன் இல்லை.

எது வல்லாரை அல்ல?

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. வசந்த காலத்தில் ஸ்காபரோவின் பூங்கா ஒன்றில் எங்கள் வயதானவர்கள் சிலர் குனிந்து கீரை ஆய்வதைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு அம்மாவின் பையில் பாதி நிறைய "வல்லாரை". அவ்வளவும் கிறீப்பிங் சார்ளி என்று இங்கே சொல்லப்படும் புல்வெளிக் களை. "நாங்கள் ஊரில் சாப்பிட்டதுதானே தங்கச்சி" என்றார் அவர். பார்வைக்கு அவர் சொன்னது பிழை என்று சொல்ல முடியாது. இலையின் வட்டமும் ஓரத்துப் பற்களும் அப்படியே வல்லாரைதான்.

வித்தியாசம் தண்டில் இருக்கிறது. அந்தக் களையின் தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டினால் நான்கு மூலைகள் தட்டுப்படும், ஏனென்றால் அது புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். கசக்கினால் புதினா கலந்த ஒரு கடுமையான மணம் வரும். பூ நீலமும் ஊதாவும் கலந்த நிறம். வல்லாரைத் தண்டு உருண்டையானது, கசக்கினால் மெல்லிய மல்லி, கரட் வாசம். நிறைய ஆட்கள் சாப்பிட்டால் வயிற்றைக் குழப்பக்கூடிய எண்ணெய்கள் அந்தக் களையில் இருக்கின்றன.

உள்ளி மணம் வருகிற இன்னொரு களையும் இங்கே உண்டு. முதல் வருடத்தில் அதன் இலையும் வல்லாரை போலவே இருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஓடைக் கரைகளிலும் சதுப்பு நிலத்திலும் வளரும் மார்ஷ் மேரிகோல்ட். அதற்கும் சிறுநீரக வடிவ இலை, மஞ்சள் பூ. பச்சையாகச் சாப்பிட்டால் வாயும் வயிறும் எரிந்து புண்ணாகும். குளங்களுக்கு அலங்காரமாக விற்கும் பென்னிவோர்ட் வகைகள் சிலவற்றின் இலையில் காம்பு தாமரை இலையைப் போல நடுவில் வந்து சேரும். மேலே சொன்ன பிளவு அவற்றில் இல்லை. அவையும் நாம் தேடும் வல்லாரை அல்ல.

கனடாவின் தென்பகுதியில் பனி விழும் எந்த இடத்திலும் வல்லாரை தானாக வளர்ந்து நிற்காது, உறைபனி அதைக் கொன்றுவிடும். ஆகவே இங்கே பூங்காவில் கண்டது எதுவாக இருந்தாலும் அது வல்லாரை அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். பூங்காப் புல்வெளியில் நாய்கள் நடமாடுவதையும் நான் சொல்லத் தேவையில்லை.

ஞாபகசக்தி: பழமையும் ஆய்வும்

"வல்லாரை உண்டவனிடம் மல்லாடாதே" என்று ஊரில் சொல்வார்கள். சரக சங்கிதையில் புத்தியைப் பெருக்கும் மருந்துகளின் வரிசையில் மண்டூகபர்ணியின் சாறு வருகிறது. சித்த மருத்துவத்திலும் அதற்கு இதே பெயர்தான். ஆகவே நம் பெரியவர்கள் சும்மா ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைய ஆய்வு வேறொரு வாசலால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸ் தீவில் தொழுநோய்ப் புண்ணுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 1940களில் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதிலிருந்து ஆசியாட்டிகோசைட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து அதே நோய்க்குப் பரிசோதித்தார்கள். அந்த வழியில் பிரான்சில் புண் ஆற்றும் களிம்புகள் வந்தன. இன்று நம் பிள்ளைகள் வாங்கிப் பூசும் கொரியாவின் சிக்கா கிறீம் என்பதும் இதே வல்லாரைதான். பாட்டி அரைத்துப் பூசியபோது முகத்தைச் சுளித்தவர்கள் இப்போது அதைக் காசு கொடுத்துப் பூசுகிறார்கள்! காலில் இரத்தம் தேங்கி வீங்கும் நோய்க்கும் இதன் சாற்றைக் குளிசையாகக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் அந்த ஆய்வுகள் சிறியவை.

மூளைக்கு? 2017இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை மனிதர்களில் நடந்த 11 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தாய்லாந்துக்காரர் இந்த இலையை எங்களைப் போலவே விரும்பிச் சாப்பிடுபவர்கள், ஆகவே எதிரிகள் எழுதியது என்று சொல்ல முடியாது. ஞாபகம், கவனம் முதலிய மூளைச் செயற்பாடுகளில், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் வல்லாரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கணக்கில் எடுக்கக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. எடுத்த ஒரு மணித்தியாலத்தில் உற்சாகம் கூடுவதும் கோபம் குறைவதும் மட்டும் சற்றுத் தெரிந்தது. எலிகளில் நல்ல பலன் கண்ட ஆய்வுகள் பல உண்டு. போத்தலில் "ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் எலிகளைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மகனுக்கான பதில் இதுதான். வல்லாரைச் சம்பல் தாராளமாகக் கொடுங்கள். கப்சியூல் வேண்டாம். அந்த வயதில் இரவுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்கிறார்கள். முதலில் தொலைபேசியை இரவில் சமையலறையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். (என் வீட்டில் இதற்கு நடந்த சண்டையை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.) மகள் சோர்ந்து, படிப்பில் மனம் நிற்கவில்லை என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாமியின் மறதி

இரண்டாவது கேள்விக்கு என் வீட்டுக் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு அப்போது 79 வயது. பதினான்கு வருடமாக நீரிழிவு, அதற்கு மெற்போமின் குளிசை. சுத்த மரக்கறி. ஊரில் இருந்தபோது பசுப்பாலும் தயிரும் தாராளம். இங்கே வந்த பிறகு, சளி என்று தயிரையும் நிறுத்திவிட்டார், தேநீரில் ஊற்றும் பால் மட்டும்தான். முதலில் பெயர்கள் மறந்தன. பிறகு ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கத் தொடங்கினார். "அடுப்பை நிப்பாட்டிட்டனோ பிள்ளை?" என்று படுக்கையில் இருந்து எழும்பி வந்து கேட்பார். பிறகு கோயிலில் செருப்பு எங்கே விட்டேன் என்று தெரியாமல் அழுதார். பாதம் விறைக்கிறது, பஞ்சில் நடப்பது போல இருக்கிறது என்றும் சொன்னார். அது நீரிழிவால் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

நாங்கள் செய்தது என்ன? வல்லாரை. தாவரவியல் படிப்பித்த நான்தான் முதலில் சொன்னேன். காலையில் வல்லாரைச் சாறு, மத்தியானம் சம்பல், ஊரில் இருந்து வந்தவரிடம் வாங்கிய லேகியம் இரவில். எட்டு மாதம். "இப்ப கொஞ்சம் தெளிவு" என்று மாமியும் சொன்னார், நாங்களும் நம்பினோம். வயது போனால் மறதி வருவது இயற்கை என்று உறவினர்களும் சொன்னார்கள். குடும்ப வைத்தியரிடம் போனபோதெல்லாம் சீனியையும் பிரஷரையும் பற்றித்தான் கதைத்தோம். மறதியை நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் குளியலறையில் தடுமாறி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. அதைக் காட்டப் போன இடத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. வைத்தியர் காலைத் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், இரத்தம் எடுக்க எழுதினார். விற்றமின் பி12 மிகக் குறைவு. இரத்தசோகை பெரிதாக இல்லை, ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. இரத்தசோகை காட்டாமலேயே இந்தக் குறைவு நரம்பையும் மூளையையும் தாக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாடமாக இதைச் சொல்லிவிடுகிறேன். பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கிறது. கீரை எதிலும் இல்லை, வல்லாரையிலும் இல்லை. உடல் அதை ஈரலில் சேமித்து வைப்பதால் சாப்பாட்டில் குறைந்தாலும் குறைவு தெரிய வருடங்கள் செல்லும். மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு உணவில் உள்ள பி12 குடலில் சரியாகச் சேராமல் போகலாம். 2022இல் பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மெற்போமினின் பொதுவான பக்கவிளைவாகவே கருத வேண்டும் என்று வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. அளவு கூடினால், காலம் கூடினால் வாய்ப்பும் கூடும். மரக்கறிச் சாப்பாடும், முதுமையும், மெற்போமினும் ஒன்று சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். எங்கள் சமூகத்தில் இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! இதற்காக யாரும் மெற்போமினைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அது நல்ல மருந்து. பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அவ்வளவுதான்.

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் பல திருத்தக்கூடியவை. தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, ஒவ்வாமைக்கு எடுக்கும் சில குளிசைகள், காது கேளாமை. முதியவர் ஒருவர் ஓரிரு நாட்களில் திடீரெனக் குழம்பினால் சிறுநீர்த் தொற்று போன்ற தொற்றுகளாக இருக்கலாம், அது உடனே பார்க்க வேண்டியது. முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ கை ஒன்று விழுந்தாலோ ஒரு நிமிடமும் பொறுக்காமல் 911ஐ அழையுங்கள். மறதிநோய் என்கிற டிமென்சியாவாகவே இருந்தாலும் முன்கூட்டித் தெரிந்தால் செய்யக்கூடிய ஆயத்தங்கள் பல இருக்கின்றன.

மாமிக்கு ஊசி போட்டார்கள். பிறகு அதே விற்றமினைக் கூடிய அளவில் குளிசையாகக் கொடுத்தார்கள். சில மாதங்களில் கேள்விகள் குறைந்தன, பேரப்பிள்ளைகளின் பெயர் தடுமாறாமல் வந்தது. பாதத்தின் விறைப்பு முழுதாகப் போகவில்லை. எட்டு மாதம் முந்தி வந்திருந்தால் போயிருக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, ஆனால் முந்தி வந்திருந்தால் நல்லது என்றார். இன்றைக்கும் மாமி தடி பிடித்துத்தான் நடக்கிறார். அந்த எட்டு மாதத்தில் வல்லாரை மாமிக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற திருப்தியை அது எங்களுக்குக் கொடுத்தது. அந்தத் திருப்தியால்தான் வைத்தியரிடம் வாய் திறக்காமல் இருந்தோம்.

கப்சியூலும் லேகியமும்

கறியாகச் சாப்பிடும் வல்லாரையும் சாற்றை இறுக்கிச் செய்த குளிசையும் ஒன்றல்ல. வல்லாரைக் குளிசை எடுத்த மூன்று பெண்களுக்கு ஈரல் அழற்சி வந்து செங்கமாரி கண்டதை 2005இல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 20 நாள், ஒருவர் 30 நாள், ஒருவர் 60 நாள் எடுத்தவர். நிறுத்தியதும் மூவருக்கும் குணமானது. இது அரிதாக நடப்பது. ஆனாலும் ஈரல் வருத்தம் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கப்சியூலைத் தொட வேண்டாம். வார்பரின் எடுப்பவர்கள் எந்தக் கீரையையும் ஒரு கிழமை நிறைய, மறு கிழமை இல்லாமல் என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட வேண்டும். கீரைகளில் உள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குழப்பும்.

கனடாவில் 2004இல் இருந்து இயற்கை மருந்துப் பொருட்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதி பெற்ற போத்தலில் எட்டு இலக்கங்கள் கொண்ட என்பிஎன் இலக்கம் அச்சிட்டிருக்கும். ஊரில் இருந்து பெட்டியில் வரும் லேகியத்தில் அது இராது. ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் இருப்பதாகக் கனடாச் சுகாதாரத் துறை பல தடவை எச்சரித்திருக்கிறது. அன்போடு கொண்டுவந்து தருபவரை நோக வைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடுவதா இல்லையா என்பது உங்கள் வீட்டு முடிவு. எதை எடுத்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். "இது மருந்தில்லைத்தானே" என்று நாங்கள் மறைப்பதுதான் அவருக்குப் பெரிய தலையிடி.

சமைக்கும் விதம்

இனி மகிழ்ச்சியான பகுதி. முதலில் கழுவுதல். வல்லாரை ஈரநிலத்தில், சில இடங்களில் அழுக்கு வாய்க்கால் நீரில் வளர்வது. மண்ணில் உள்ள கிருமி அதில் ஒட்டியிருக்கலாம், உலோகங்களை அது உறிஞ்சக்கூடியது. கட்டைப் பிரித்து, பழுத்த இலைகளை நீக்கி, அகன்ற பாத்திரத் தண்ணீரில் அலசி மண்ணை அடியில் விட்டு, பிறகு ஓடும் குழாய்த் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் கிருமி எல்லாவற்றையும் கொல்லும் என்று நம்ப வேண்டாம். கருவுற்றவர்களும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் பச்சையாகச் சாப்பிடாமல் வறையாகவோ கஞ்சியாகவோ சமைத்தே சாப்பிட வேண்டும்.

சம்பலுக்கு இரண்டு கட்டு வல்லாரையை இளந்தண்டோடு சேர்த்து மிக மெல்லிதாக அரிந்துகொள்ளுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியால் நசித்தால் இலை கறுத்துக் கசக்கும். ஒரு கை தேங்காய்ப்பூ (குளிரூட்டியில் வைத்த பக்கற் பூவும் நல்லது, இளகவிட்டுப் பிழியாமல் போடுங்கள்), ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் மிளகுத்தூள். உப்பையும் தேசிக்காய்ப் புளியையும் சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது மட்டும் சேர்த்துக் கையால் பிசறுங்கள். முன்னதாகச் சேர்த்தால் தண்ணீர் விட்டுச் சவண்டு போகும். மாசி போடுகிறவர்கள் போடலாம், எங்கள் வீட்டில் மாமி இருப்பதால் இல்லை. கசப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு ஒரு கரட்டைத் துருவிச் சேர்த்தால் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள்.

தமிழ்நாட்டு நண்பர்கள் செய்யும் துவையலும் நல்ல ருசி. உழுத்தம்பருப்பையும் செத்தல் மிளகாயையும் நல்லெண்ணெயில் வறுத்து, இலையைத் தனியே வதக்கி, கொஞ்சம் பழப்புளியும் தேங்காயும் சேர்த்து அரைப்பது. மூன்று நாள் குளிரூட்டியில் இருக்கும், தோசைக்கு நல்லது.

இலைக்கஞ்சிக்குச் சிவப்புப் பச்சையரிசியை உள்ளியோடு குழைய வேகவிட்டு, வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். முதற் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை போதும். நீரிழிவுக்காரர் இதைக் குடித்தால், அரிசிக் கஞ்சியும் மாச்சத்துத்தான் என்பதை நினைவில் வைத்து, அந்த வேளைச் சோற்றைக் குறைக்க வேண்டும். "கீரைக் கஞ்சிதானே" என்று இரண்டு கோப்பை குடித்துவிட்டுச் சீனி ஏறிவிட்டது என்பவர்களை நான் அறிவேன்.

சாடியில் வளர்ப்பது

மாரியில் கடையில் வாடி வரும் கட்டைப் பார்த்து அலுத்துத்தான் நான் வளர்க்கத் தொடங்கினேன். கடையில் வாங்கும் கட்டில் வேரோ கணுவோ உள்ள துண்டுகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றைத் தண்ணீர்க் குவளையில் ஒரு கிழமை வைத்தால் வெள்ளை வேர் வரும். ஆழம் குறைந்த அகன்ற சாடியில், உரம் கலந்த மண்ணில், கணு மண்ணைத் தொடும்படி வையுங்கள். வல்லாரைக்குத் தாகம் அதிகம். மண் ஒருபோதும் காயக்கூடாது. சாடியின் கீழ்த் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் பரவாயில்லை.

ரொறன்ரோப் பகுதியில் விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு வெளியே வைக்கலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் படும் இடம் நல்லது. முழு வெயிலில் இலை சிறுத்துத் தடித்துக் கசப்பு ஏறும். நிலத்தில் நடாமல் சாடியிலேயே வையுங்கள், குளிர் வந்ததும் தூக்க வசதி. புரட்டாதி கடைசியில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் உள்ளே கொண்டுவந்து தெற்கு யன்னலில் வைக்க வேண்டும். வரும்போது அசுவுணிப் பூச்சியும் கூட வரும். இலையின் அடிப்பக்கத்தைக் குழாயில் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். மாரியில் மெதுவாகத்தான் வளரும், கிழமைக்கு ஒரு சின்னச் சம்பலுக்குப் போதும். பறிக்கும்போது வெளியே உள்ள முதிர்ந்த இலைகளைக் காம்போடு கிள்ளி எடுத்து, நடுக்குருத்தை விட்டுவிடுங்கள்.

என்னிடம் இப்போது நான்கு சாடி நிறைய இருக்கிறது. அடுத்த ஒன்றுகூடலுக்கு வேர்த் துண்டுகள் கொண்டுவருவேன். வேண்டியவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையும் ஈரக் கடதாசியும் கொண்டுவாருங்கள். மெற்போமின் எடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள், கடைசியாகப் பி12 எப்போது பார்த்தது என்று அதற்கிடையில் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.